ட்ரெய்லரின் தண்ணீர் அமைப்பைக் கடுங்குளிரிலிருந்து காப்பது எப்படி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை வரும் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் பெரும்பாலான கேம்ப் மைதானங்கள் மூடத் தொடங்குகின்றன; படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வரும் பயண ட்ரெய்லர்களும் மோட்டார் ஹோம்களும் வீட்டு முற்றத்துக்கோ வாடகை நிறுத்துமிடத்துக்கோ போய், அடுத்த மே மாதம் வரை அங்கேயே நிற்கின்றன. அந்த மாதங்களில் வண்டிக்குள் சூடேற்றும் ஃபர்னஸ் ஓடுவதில்லை என்பதால், வெளியே எவ்வளவு குளிரோ உள்ளேயும் அவ்வளவு குளிர்தான். அதற்குமுன் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் தண்ணீர் அமைப்பைப் பாதுகாப்பதே முதன்மையானது. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் இந்த வேலையைத் தவறவிட்டால், வசந்தத்தில் சுவரைப் பிரித்துப் பைப் மாற்ற வேண்டியிருக்கும்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. ஆனால் பைப் உடைவது எப்போதும் பனிக்கட்டி உருவான இடத்தில்தான் என்பதில்லை. பைப்பின் நடுவில் உருவாகும் பனிக்கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையில் சிக்கிய தண்ணீரை நெருக்குகிறது. போக வழியில்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தமே இருப்பதில் பலவீனமான பாகத்தை உடைக்கிறது. இன்றைய ட்ரெய்லர்களில் உள்ள, பெக்ஸ் எனப்படும் வளையும் பிளாஸ்டிக் பைப் ஓரளவு விரிந்து கொடுக்கும். பைப்களை இணைக்கும் பிளாஸ்டிக் ஃபிட்டிங், பம்பின் தலைப்பகுதி, கழிப்பறை வால்வு, குழாய்களின் உட்பாகம் ஆகியவை விரிந்து கொடுக்காது. ஆகவே தொட்டியைக் காலி செய்துவிட்டோம் என்று நின்றுவிடக் கூடாது. வடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் வளைவிலும் வால்விலும் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலை.

இரவில் ஓரிரு மணி நேரம் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே போவதால் உடனே எதுவும் உடைந்துவிடாது. மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் அளவு குளிர் பல மணி நேரம் நீடிக்கும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால், அதற்கு முந்திய பகலே கடைசிக் கெடு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வசிப்பவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைப்பதுண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிர் புயலில் எத்தனையோ வீடுகளின் பைப்களே வெடித்தன என்பதை அவர்கள் நினைவில் வைப்பது நல்லது. வீட்டுக்கு இருக்கும் சுவர் தடிமன்கூட ட்ரெய்லருக்கு இல்லை.

வாங்க வேண்டியவற்றில் முக்கியமானது ஆர்.வி. ஆன்டிஃப்ரீஸ், அதாவது இத்தகைய வண்டிகளின் பைப்களில் தண்ணீருக்குப் பதிலாக நிரப்பும், குளிரில் பைப்பை உடைக்காத திரவம். இளஞ்சிவப்பு நிறத்தில் வருவதும், புரொப்பிலீன் கிளைகால் கொண்டதும், குடிநீர் அமைப்புக்கு உகந்தது என்று லேபிளில் குறிப்பிட்டிருப்பதுமான வகையையே வாங்குங்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைகால். அது மனிதருக்கும் நாய், பூனைக்கும் கொடிய நஞ்சு, அதை எக்காரணம் கொண்டும் இந்தப் பைப்களில் செலுத்தக் கூடாது. எத்தனால் கலந்த மலிவு வகைகளும் உண்டு. அவை தீப்பிடிக்கக் கூடியவை, ரப்பர் வாஷர்களையும் உலரச் செய்பவை என்பதால், சில டாலர் மிச்சத்துக்காக அவற்றை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லேபிளில் உள்ள எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மைனஸ் 50 என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 46. அதுவரை பைப் வெடிக்காது என்பதே அந்த எண்ணின் பொருள். அதுவரை திரவம் உறையாது என்பதல்ல. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும், ஆனால் அந்தக் கூழ் பைப்பை உடைக்கும் அளவுக்கு நெருக்குவதில்லை. இந்தப் பாதுகாப்பு கலப்பில்லாத திரவத்துக்கு மட்டுமே உரியது. உள்ளே எஞ்சிய தண்ணீர் அதோடு கலந்தால் அதன் வலு குறையும். முதலில் நன்றாக வடிக்க வேண்டும் என்பது இதனால்தான். வின்னிபெக், எட்மன்டன் போன்ற கடுங்குளிர் இடங்களில் இருப்பவர்கள் இன்னும் வலுவான வகையை வாங்குவது நல்லது. ஒரு கேலன், அதாவது 3.78 லிட்டர், கொண்ட கேன்கள் இரண்டோ மூன்றோ சாதாரண ட்ரெய்லருக்குப் போதும். துணி துவைக்கும் இயந்திரம் இருந்தால் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கழிவுத் தொட்டிகளைக் கேம்ப் மைதானத்திலிருந்து கிளம்பும்போதே, அங்குள்ள டம்ப் ஸ்டேஷனில் (கழிவை வெளியேற்றுவதற்கான இடம்) காலி செய்துவிடுவது எளிது. கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, சமையலறை, குளியல் கழிவுத் தொட்டியைப் பிறகு திறந்தால், இரண்டாவதன் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டியின் வடிகால் வால்வையும் அங்கேயே திறந்து வைக்கலாம்.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். இதில்தான் உடலுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு இருப்பதால் சற்று நிதானமாகச் செய்ய வேண்டும். எரிவாயு, மின்சாரம் இரண்டு சுவிட்சுகளையும் அணைத்து, தண்ணீர் முழுதாக ஆறும் வரை, முடிந்தால் ஓர் இரவு, விட்டுவிடுங்கள். பிறகு பம்பை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஏதாவது ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அதன் பின்னரே வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் ஹீட்டர் கதவைத் திறந்து, அடியில் உள்ள அடைப்பைக் கழற்ற வேண்டும். அழுத்தம் இறங்காமல் கழற்றினால் வெந்நீர் முகத்தை நோக்கிப் பீய்ச்சும். எப்படியிருந்தாலும் நேர் எதிரே குனிந்து நிற்காமல் ஒரு பக்கமாக நின்று கழற்றுங்கள். அடைப்பை எடுத்த பிறகு மேலே உள்ள பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கினால் காற்று புகுந்து தண்ணீர் விரைவாக வடியும்.

சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டராக இருந்தால் அந்த அடைப்போடு சேர்ந்து ஒரு நீண்ட ஆனோடு கம்பி வெளியே வரும். அதைக் கழற்ற 1 1/16 அங்குல சாக்கெட் வேண்டும். எஃகுத் தொட்டி அரிக்கப்படாமல் இருக்க, அந்தக் கம்பி தானே அரிக்கப்பட்டுத் தேய்கிறது. வெளியே எடுக்கும்போது மென்று துப்பிய கரும்புச் சக்கை போல நார்நாராகத் தெரிவதுண்டு. முக்கால் பங்கு தேய்ந்திருந்தால் புதிய கம்பி வாங்க வேண்டும். அட்வுட் என்ற இன்னொரு நிறுவனத்தின் ஹீட்டர்களில் தொட்டி அலுமினியம். அவற்றில் நைலான் அடைப்பு மட்டுமே இருக்கும், கம்பி கிடையாது. எந்த வகையானாலும் திறந்த துளைக்குள் தண்ணீர் பீய்ச்சி, அடியில் படிந்திருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புத் துகள்களைக் கழுவி வெளியேற்றுங்கள். துளை தொட்டியின் அடித்தளத்துக்குச் சற்று மேலே இருப்பதால் சிறிது தண்ணீர் உள்ளே தங்கும்; அது விரிவதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது, கவலை வேண்டாம்.

இனி வண்டிக்கு அடியில் தொங்கும் இரண்டு தாழ்நிலை வடிகால்களையும் திறவுங்கள். ஒன்று சுடுதண்ணீர்ப் பைப்புக்கு, மற்றது குளிர்ந்த தண்ணீர்ப் பைப்புக்கு. உள்ளே எல்லாக் குழாய்களையும் திறந்து, கழிப்பறை மிதியை அழுத்தி, ஷவர் கைப்பிடியைக் கீழே தொங்கவிடுங்கள். பம்பைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டி, அதற்குள் நிற்கும் தண்ணீரையும் தள்ளிவிடுங்கள். உலர்ந்த நிலையில் அதை நெடுநேரம் ஓட்டக் கூடாது. குடிநீர் ஃபில்டரின் உள்ளுறையை எடுத்து எறிந்துவிட்டு, வெறும் கூட்டைத் திரும்பப் பூட்டுங்கள்.

ஹீட்டரை அமைப்பிலிருந்து தனிப்படுத்தும் பைபாஸ் வால்வுகள் பொதுவாக ஹீட்டரின் பின்பக்கம், படுக்கைக்கு அடியிலோ சமையலறை அலமாரிக்குள்ளோ, ஒரு பலகைக்குப் பின்னால் இருக்கும். மூன்று வால்வுகள் இருந்தால், ஹீட்டருக்குள் போவதையும் அதிலிருந்து வருவதையும் மூடி, இரண்டையும் நேரடியாக இணைக்கும் நடு வால்வைத் திறக்க வேண்டும். கைப்பிடி பைப்பின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. இந்த ஒரு படியை மறந்தால், 6 அல்லது 10 கேலன் கொள்ளும் ஹீட்டர் தொட்டி நிறைந்த பிறகுதான் சுடுதண்ணீர்க் குழாய்க்கு ஆன்டிஃப்ரீஸ் எட்டும். வாங்கி வைத்த கேன்கள் அத்தனையும் அங்கேயே போய்விடும்.

ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள், வெளித் தண்ணீர் இணைப்பில் பொருத்தும் சிறிய பித்தளை அடாப்டரை வாங்கி, அழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) மேல் போகாமல் வைத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதலாம். காற்று மட்டும் போதும் என்று கருதுபவர்கள் உண்டு. ஆனால் காற்று நடுவில் வழி கண்டதும் வளைவுகளில் இருக்கும் தண்ணீரைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால், கனடாவின் குளிருக்கு ஊதிய பிறகு ஆன்டிஃப்ரீஸும் செலுத்துவதே சரி என்பது என் முடிவு.

அதைச் செலுத்துவதற்கு முன் ஹீட்டர் அடைப்பையும் தாழ்நிலை வடிகால்களையும் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். பல வண்டிகளில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு மூன்றுவழி வால்வும் ஒரு சிறிய ட்யூபும் இதற்கென்றே இருக்கும். வால்வைத் திருப்பி, ட்யூபை ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விட்டு, பம்பைப் போட்டால் அது தொட்டியை விட்டுக் கேனிலிருந்து உறிஞ்சும். அந்த வசதி இல்லாவிட்டால், தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் ஒரு சிறு ட்யூபை மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் கேனைக் கவனிக்க, இன்னொருவர் குழாய்களைத் திறப்பது வசதியானது.

பம்புக்கு அருகில் உள்ள குழாயின் குளிர்ந்த பக்கத்தை முதலில் திறவுங்கள். காற்று சீறும், தெளிந்த தண்ணீர் தெறிக்கும், அதன்பின் வெளிறிய சிவப்பு வரும். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். வெளிறிய நிறம் என்றால் அதில் இன்னும் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். கேனுக்குள் இருக்கும் அதே அடர்ந்த நிறம் வரும் வரை ஓடவிட்டு மூடி, அடுத்துச் சுடுதண்ணீர்ப் பக்கத்தைத் திறவுங்கள். இப்படியே மற்றக் குழாய்கள், ஷவர், கழிப்பறை என்று முடித்துக்கொண்டு போகலாம்.

வழக்கமாக விடுபடும் இடங்கள் வேறு. முதலாவது வெளிப்புற ஷவர். சிறு கதவுக்குப் பின்னால் இருப்பதால் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டாவது, ஹோஸ் மாட்டும் வெளித் தண்ணீர் இணைப்பு. அதன் வடிகட்டி வலையை எடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, ஒரு குழாயைச் சற்றே திறந்து அழுத்தத்தைப் பெரும்பகுதி இறக்கிய பின், நடுவில் உள்ள, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் செக் வால்வை மெதுவாக அழுத்தினால் எஞ்சிய அழுத்தத்தில் சிறிது தண்ணீரும் பிறகு சிவப்புத் திரவமும் வெளியே வரும். முழு அழுத்தத்தில் அழுத்தினால் அதன் ரப்பர் வளையம் பிய்ந்து போகலாம். மூன்றாவது, கழிப்பறைத் தொட்டியைக் கழுவுவதற்கான தனி இணைப்பு. அது பம்போடு சேராத தனிப் பாதை, சுவருக்குள் மேலேறி இறங்குவது. அதைக் குறைந்த அழுத்தக் காற்றால் ஊதித்தான் காலி செய்ய முடியும். கழிப்பறைப் பக்கத்துக் கைத்தெளிப்பான், குளிர்பெட்டியின் ஐஸ் தயாரிக்கும் பாகம், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை இருந்தால் அவற்றின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். தொட்டியில்லாத உடனடி ஹீட்டருக்கும் அதுவே விதி, ஏனெனில் மாடலுக்கு மாடல் முறை மாறுகிறது.

ஒவ்வொரு வாஷ்பேசினின் கீழும் ஷவரின் கீழும் உள்ள வளைவுக் குழாயில் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுங்கள்; கழிப்பறைக் கிண்ணத்தில் கொஞ்சம் நிற்கட்டும், தொட்டிக்குள் கொஞ்சம் இறங்கட்டும். கீழே வழியும் திரவத்தை மண்ணிலும் மழைநீர்க் கால்வாயிலும் விடாமல் கழிவுத் தொட்டியிலேயே சேரவிட்டு, வசந்தத்தில் டம்ப் ஸ்டேஷனில் வெளியேற்றுவதுதான் முறை. கடைசியாகப் பம்பை அணைத்து, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, ஹீட்டரின் மின் சுவிட்சின் மேல் "தண்ணீர் இல்லை" என்று எழுதி ஒரு டேப் ஒட்டுங்கள். வெறும் தொட்டியோடு அந்தச் சுவிட்சைப் போட்டால் மின் கம்பிச்சுருள் சிறிது நேரத்திலேயே கருகிவிடும்.

மே மாதத்தில் திரும்பத் திறக்கும்போது, பைபாஸ் வால்வுகளைத் தொடாமல், நல்ல தண்ணீரை விட்டு இளஞ்சிவப்பு நிறமும் நுரையும் மறையும் வரை ஒவ்வொரு குழாயையும் ஓடவிடுங்கள். பிறகு பைபாஸைப் பழைய நிலைக்குத் திருப்பி, தொட்டியின் 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கோப்பை, அதாவது 57 லிட்டருக்குச் சுமார் 60 மில்லிலிட்டர், வாசனை சேர்க்காத வீட்டு ப்ளீச் என்ற கணக்கில் கலந்து நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் அந்த வாடை வரும் வரை ஓட்டிச் சில மணி நேரம் விட்டு, வாடை போகும் வரை அலசுங்கள். புதிய ஃபில்டரை அதன் பிறகு போடலாம். சுடுதண்ணீர்க் குழாயில் காற்று சீறாமல் தண்ணீர் சீராக வந்தால் ஹீட்டர் நிறைந்துவிட்டது. சுவிட்சின் மேல் ஒட்டிய டேப்பை அப்போது பிரிக்கலாம்.