சுசுகியின் வரலாற்றை முறையாகப் படிப்பது எப்படி: தறியிலிருந்து தொடங்கும் வழி

ஒரு வண்டி நிறுவனத்தின் வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் அதன் மாடல் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்த ஆண்டில் இந்தப் பைக், அந்த ஆண்டில் அந்தக் கார் என்று நீளும் அந்தப் பட்டியல் மனத்தில் தங்குவதில்லை. அந்த வண்டி ஏன் அந்த ஆண்டில் வந்தது, ஏன் அந்த அளவு என்ஜினோடு வந்தது என்பதற்கான விடை அதில் இல்லாததே காரணம். ஜப்பானிய நிறுவனங்களுள் சுசுகியின் வரலாறு இந்த விடை இல்லாமல் படிக்கவே முடியாத ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். நெசவுத் தறி செய்த ஒரு பட்டறை பைக்கும் காரும் செய்யும் நிறுவனமாக மாறிய கதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சட்டமோ, ஒரு வரியோ, ஒரு நெருக்கடியோ நிற்கிறது. அவற்றைக் கண்டுபிடித்துக் கோக்கும் வழியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப்புத்தகத்தில் நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில் ஆண்டு. இரண்டாவதில் வண்டி அல்லது நிகழ்வு. மூன்றாவதில் என்ஜினின் சி.சி. அளவும், அது டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதும், நான்காவதில் காரணம். நான்காவது பத்தியை ஊகத்தால் நிரப்பாதீர்கள். காரணம் தெரியும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும், ஏனெனில் அடுத்து எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப்போவது அந்தக் காலிக் கட்டம்தான்.

அடுத்து, தொடக்க ஆண்டு எது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுசுகி தொடங்கிய ஆண்டு 1909 என்று ஓரிடத்திலும், 1920 என்று வேறோரிடத்திலும், 1954 என்று இன்னோரிடத்திலும் காண்பீர்கள். மூன்றும் சரியானவையே, வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் அவை. மிச்சியோ சுசுகி ஹமமட்சு நகரில் தறிப் பட்டறை அமைத்தது 1909-இல். அது பங்கு நிறுவனமாகப் பதிவானது 1920 மார்ச்சில். பெயரில் 'மோட்டார்' என்ற சொல் சேர்ந்தது 1954-இல். எந்த ஆண்டைக் கண்டாலும் அது பட்டறையின் பிறப்பா, சட்டப்படியான பதிவா, பெயர் மாற்றமா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். ஜப்பானிய ஆவணங்களைப் பார்க்க நேர்ந்தால் அங்கே ஆண்டுகள் பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோ ஆண்டோடு 1911, ஷோவா ஆண்டோடு 1925, ஹெய்செய் ஆண்டோடு 1988 கூட்டினால் நமக்குப் பழக்கமான ஆண்டு கிடைக்கும். ஷோவா 30 என்றால் 1955 என்று உடனே சொல்லும் அளவுக்கு இது பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனித் தறிக்கு வருவோம். பலர் ஒரே வரியில் தாண்டிச் செல்லும் இந்தப் பகுதியில் நீங்கள் நின்று படிக்க வேண்டும். 1887-இல் பிறந்த மிச்சியோ சுசுகி, இளம் வயதில் ஒரு தச்சரிடம் தொழில் பழகியவர். அவர் வாழ்ந்த ஹமமட்சு வட்டாரம் பருத்தி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஒரே நாடா ஓடும் தறியில் ஊடையின், அதாவது குறுக்கே ஓடும் நூலின், நிறத்தை மாற்றுவது கடினம்; இரண்டு நாடாக்கள் ஓடினால் குறுக்குக் கோடுகளும் கட்டங்களும் எளிதில் விழும். இந்த இரட்டை நாடாத் தறிதான் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. பின்னர் அவருடைய நிறுவனம் சாரம் நெய்யும் தறிகளைத் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பியது. கட்டம்போட்ட கைலியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தத் தறியின் வேலை என்னவென்று விளக்கத் தேவையில்லை. நெசவாளியின் தேவை என்ன, அதைக் குறைந்த பாகங்களைக் கொண்டு எப்படித் தீர்ப்பது என்ற அந்தப் பட்டறையின் சிந்தனை பிற்காலத்து வண்டிகளிலும் தொடர்வதை நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.

தறி ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது என்று முடிவுசெய்த மிச்சியோ, 1937-இல் சிறிய கார் ஒன்றை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை வாங்கிப் பிரித்துப் பார்த்துப் பயின்ற அவருடைய குழு, 1939-க்குள் பல மாதிரிக் கார்களைச் செய்து முடித்தது. அவற்றில் 800 சி.சி.க்குக் குறைவான, நீரால் குளிரும், நான்கு சிலிண்டர் கொண்ட, 13 குதிரைத்திறன் தரும் என்ஜின் இருந்தது. ஆனால் போர்ச் சூழலில் பொதுமக்களுக்கான கார் அவசியமற்ற பொருள் என்று அரசு அறிவித்ததால் திட்டம் கைவிடப்பட்டது. வண்டி விற்பனைக்கே வரவில்லை என்பதற்காக இந்த வரியை விட்டுவிடாதீர்கள். பைக்கில் தொடங்கிக் காருக்கு வந்த நிறுவனம் என்று சுசுகியைப் பொதுவாகச் சொல்வார்கள். விருப்பம் தொடக்கத்திலேயே காரின்மீதுதான் இருந்தது என்பதை இந்த ஒரு வரி காட்டுகிறது.

போருக்குப் பிறகு தறித் தொழில் மீண்டும் தலையெடுத்தது. 1951-இல் பருத்திச் சந்தை சரிந்தபோது நிறுவனமும் தள்ளாடியது. 1952-இல் வந்த 'பவர் ஃப்ரீ' என்ற 36 சி.சி. டூ ஸ்ட்ரோக் என்ஜின் பொருத்திய சைக்கிளுக்கு நான்காவது பத்தியில் எழுத வேண்டிய காரணம் இதுதான்: போக்குவரத்துக்கு ஏங்கிய மக்களிடம் சைக்கிள் இருந்தது, தறிப் பட்டறையிடம் இயந்திர அறிவு இருந்தது. அதன் இரட்டைப் பல்சக்கர அமைப்பால், என்ஜின் துணையோடு மிதிக்கலாம், என்ஜின் இல்லாமல் மிதிக்கலாம், மிதிக்காமல் என்ஜினால் மட்டும் ஓடலாம். அடுத்த ஆண்டு 60 சி.சி. வகுப்பில் 'டயமண்ட் ஃப்ரீ' வந்தது. 60 என்ற எண்ணுக்குக் காரணம் தேடினால் உரிமச் சட்டத்தில் கிடைக்கும்: 60 சி.சி. வரையிலான டூ ஸ்ட்ரோக் வண்டியையும் 90 சி.சி. வரையிலான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியையும் எளிய அனுமதிச் சீட்டோடு ஓட்டலாம் என்று 1952-இல் விதி தளர்த்தப்பட்டிருந்தது. 1954-இல் வந்த 'கொலேடா' ஃபோர் ஸ்ட்ரோக் பைக் 90 சி.சி. என்பதையும் அதனருகே வைத்துப் பாருங்கள். 'கொரே தா', அதாவது 'இதுதான்' என்ற ஜப்பானியச் சொற்களிலிருந்து எழுந்த பெயர் அது.

கார்களைப் படிக்கும்போது ஒரு அளவுகோலைக் கையில் வைத்திருங்கள். ஜப்பானில் 'கெய்' என்று ஒரு சிறு கார் வகுப்பு உண்டு. 'இலகு' என்பது அதன் பொருள். வரிச்சலுகை பெறும் அந்த வகுப்பின் என்ஜின் வரம்பு 1950-களின் நடுவிலிருந்து 360 சி.சி.யாகவும், 1976-இலிருந்து 550 சி.சி.யாகவும், 1990-இலிருந்து 660 சி.சி.யாகவும் இருந்துவருகிறது. ஜப்பானியச் சந்தைக்கான சுசுகி சிறு கார் எதுவாயினும் அதன் சி.சி.யை இந்த மூன்று எண்களோடு ஒப்பிட்டால் காலம் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். 1955 அக்டோபரில் வந்த 'சுசுலைட்' 360 சி.சி. டூ ஸ்ட்ரோக் கார். ஜெர்மனியின் லாயிட் காரைப் பார்த்துப் பயின்று செய்யப்பட்ட அதில் முன்சக்கர இயக்கமும், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் இருந்தன. 1970-இல் வந்த முதல் ஜிம்னியும் 359 சி.சி.தான். மலையேறும் நான்கு சக்கர இயக்க வண்டி ஏன் அவ்வளவு சிறிய என்ஜினோடு வந்தது என்ற வியப்பு, வரம்பைத் தெரிந்துகொண்டவுடன் தீர்ந்துவிடும். அந்த வண்டியின் மூலம் ஹோப் மோட்டார் என்ற சிறு நிறுவனத்தின் வடிவமைப்பு என்பதையும், சுசுகி அதன் உரிமையை வாங்கி வளர்த்தது என்பதையும் குறிக்கத் தவறாதீர்கள்.

பைக்குக்கு ஒரு நோட்டு, காருக்கு ஒரு நோட்டு என்று பிரிப்பதுதான் இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டையும் இணைக்கும் இழை டூ ஸ்ட்ரோக் என்ஜின். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் என்ற சுழல்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். வால்வும் கேம் ஷாஃப்டும் தேவையில்லாததால் பாகங்கள் குறைவு, எடை குறைவு, செலவும் குறைவு. சி.சி.க்கு உச்சவரம்பு வைத்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான என்ஜின் இருந்திருக்க முடியாது. இந்த என்ஜினில் சுசுகி உலகத் தரத்தை எட்டிய விதம் நேர்மையாக எழுதப்பட வேண்டியது. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். பைக் பந்தய அணியில் பொறியாளர் வால்டர் காடன் டூ ஸ்ட்ரோக் பந்தய என்ஜினைப் பெரும் உயரத்துக்குக் கொண்டுசென்றிருந்தார். அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், 1961-இல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் பிறகு நாடு திரும்பாமல் மேற்குலகுக்குத் தப்பி, அந்தத் தொழில்நுட்ப அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டத்தை அவரே சுசுகிக்கு வென்று தந்தார். 1963-இல் மிட்சுவோ இட்டோ ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தின் 50 சி.சி. பிரிவில் வென்றார். இந்த வெற்றிகளை எழுதும் இடத்தில் காடனின் பெயரையும் எழுதுவது நியாயம். அவருடைய உழைப்பு இல்லாமல் இந்தப் பக்கம் இல்லை.

இதே டூ ஸ்ட்ரோக் 1970-களில் சுசுகிக்குச் சுமையாயிற்று. எரியாத எரிபொருளில் ஒரு பகுதி புகைவழியிலேயே வெளியேறுவதும், எண்ணெயும் சேர்ந்து எரிவதும் அதன் இயல்பு. ஜப்பானின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது சுசுகியின் கார்கள் திணறின. 1977-இல் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டைஹாட்சுவின் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினை வாங்கித் தன் ஃபிரான்ட்டே காரில் பொருத்தி விற்கும் நிலை வந்தது. பைக் பக்கத்தில் 1976-இன் ஜி.எஸ். 750 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி அதே காலத் திருப்பத்தைக் காட்டுகிறது. ஆனால் அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சுசுகியின் பந்தய வீரர் பாரி ஷீன் 500 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது டூ ஸ்ட்ரோக் பந்தய வண்டியில்தான். 2019-இல் சுசுகியும் டொயோட்டாவும் பங்குகளைப் பகிர்ந்துகொண்ட செய்தியைப் படிக்கும்போது, இந்த 1977-ஆம் ஆண்டு வரிக்குத் திரும்பிச் செல்லுங்கள். டொயோட்டாவின் மூலவரான சகிச்சி டொயோடாவும் அதே வட்டாரத்தில் பிறந்து தறி செய்தவர் என்பதையும் அங்கே எழுதலாம்.

மனிதர்களில் ஒசாமு சுசுகியைத் தனியாகப் படியுங்கள். குடும்பத்துக்கு மருமகனாக வந்து, ஜப்பானிய வழக்கப்படி சுசுகி என்ற குடும்பப் பெயரை ஏற்று, 1978-இல் தலைவரானவர் அவர். 2024 டிசம்பரில் தம் 94-ஆம் வயதில் காலமானார். அவருடைய ஆல்ட்டோ 1979-இல் 4,70,000 யென் விலையில் வந்தது. அந்த விலை சாத்தியமானதற்கான காரணம் வரியில் இருக்கிறது: பயணிகள் காருக்கு இருந்த பொருள் வரி வணிக வண்டிக்கு இல்லை. பார்வைக்குக் காராகவும் பதிவில் சரக்கு வண்டியாகவும் இருந்த ஆல்ட்டோ பெருமளவில் விற்றது. என்னைக் கேட்டால், சுசுகியின் வரலாற்றை ஒரே வண்டியைக் கொண்டு விளக்கச் சொன்னால் ஹயபுசாவையோ ஜி.எஸ்.எக்ஸ்.ஆர். பைக்கையோ அல்ல, இந்த ஆல்ட்டோவைத்தான் காட்டுவேன்.

இதுவரை படித்ததை நம் தெருவில் நிற்கும் வண்டிகளிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1982 அக்டோபரில் மாருதியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து பெற்றார். அந்தக் காரின் என்ஜின் குறியீடு எஃப்8பி. நடுவில் உள்ள 8 என்பது ஏறத்தாழ 800 சி.சி.யைக் குறிக்கும், உண்மை அளவு 796. இதே முறையில் ஜிப்ஸியின் எஃப்10ஏ என்பதை 1.0 லிட்டராகவும், பின்னர் வந்த ஜி13 வகையை 1.3 லிட்டராகவும் படியுங்கள். எம்.ஜி. 410, எம்.ஜி. 413 என்ற ஜிப்ஸி பெயர்களிலும் 10, 13 என்ற எண்கள் அதையே சொல்கின்றன. கெய் வரம்பான 550 சி.சி. இந்தியாவில் செல்லாது என்பதால்தான் இங்கே 796 சி.சி. வந்தது என்பதை நான்காவது பத்தியில் நீங்களே எழுதிவிடலாம்.

பழைய 100 சி.சி. பைக்குக்கு டேங்கில் உள்ள பெயரைப் பாருங்கள். ஓசூரில் டி.வி.எஸ். குழுமமும் சுசுகியும் சேர்ந்து நடத்திய ஆலையிலிருந்து 1984-இல் வண்டிகள் வரத் தொடங்கின. 'இண்ட்-சுசுகி' என்ற பெயர் முதல் காலத்துக்கு உரியது. நிறுவனத்தின் பெயர் 1986-இல் டி.வி.எஸ்.-சுசுகி ஆனது, 2001-இல் கூட்டு பிரிந்தபின் டி.வி.எஸ். மட்டும் நின்றது. சாமுராய், ஷோகன், ஷாவோலின் எல்லாம் நடுக்காலத்தின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெயர்ப்பட்டை கால எல்லையை மட்டுமே தரும், பழுதுபார்க்கும்போது டேங்க் மாறியிருக்கவும் கூடும். சரியான ஆண்டுக்கு ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் எண்ணையும் பார்க்க வேண்டும்.

'உலகிலேயே முதல்', 'ஜப்பானிலேயே முதல்' என்ற சொற்களைக் கண்டால், எந்த வகுப்பில், எந்த அளவுக்குள் என்று கேட்டு, அந்த வரையறையோடு சேர்த்தே எழுதுங்கள். வண்டி அறிவிக்கப்பட்ட நாள், உற்பத்தி தொடங்கிய நாள், விற்பனைக்கு வந்த நாள் மூன்றும் வேறுவேறாக இருக்கும். ஹோண்டாவும் 1948-இல் ஹமமட்சுவிலேயே தொடங்கியது, யமஹா மோட்டாரும் அதே பகுதியில் பிறந்தது என்பதால், 'ஹமமட்சு பட்டறை' என்று மட்டும் சொல்லும் குறிப்புகளில் எந்த நிறுவனம் என்பதையும் சரிபாருங்கள்.

ஜப்பான் செல்லும் வாய்ப்பு அமைந்தால் ஹமமட்சுவில் தலைமையகத்துக்கு எதிரே உள்ள நிறுவன அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள், கட்டணம் இல்லை. நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் தறியின் முன் நின்று நாடா ஓடும் வழியைப் பாருங்கள். பிறகு பவர் ஃப்ரீயின் பெடலருகே உள்ள இரட்டைப் பல்சக்கரத்தையும், சுசுலைட்டின் சிறிய முன்பகுதியையும், ஆல்ட்டோவையும் அதே வரிசையில் பார்த்து, உங்கள் நான்காவது பத்தியில் இன்னும் காலியாக இருக்கும் கட்டங்களை அங்கேயே நிரப்பத் தொடங்குங்கள்.