மேஃபிளை இனங்களைப் பிரித்தறிய: நிறத்தை ஒதுக்கிவிட்டு நரம்பை எண்ணுங்கள்

இறக்கையைச் செங்குத்தாகத் தூக்கி மடித்து, வயிற்றின் நுனியில் நீண்ட வால் இழைகளோடு நீர்க்கரைச் செடிகளில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய பூச்சி மேஃபிளை. மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசல் வேறு. அது கறையான், இறக்கையை முதுகின்மேல் தட்டையாக மடிக்கும். ஒரு பூச்சியை மேஃபிளை என்று சொல்வது சுலபம், எந்த மேஃபிளை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிரிட்டனில் மட்டும் சுமார் 50 இனங்கள் உண்டு. அங்கே குளங்களில் வாழும் குளோயியான், ஓடைகளில் வாழும் பேட்டிஸ் என்ற இரண்டு பேரினங்களை வைத்தே இங்கே பேசுகிறேன். இரண்டும் பேட்டிடே குடும்பம். பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

பெரும்பாலான தவறுகள் நிறத்தில் தொடங்குகின்றன. பேட்டிஸ் ரோடானி என்ற இனத்தில் வசந்தத்தில் வெளிவருபவை பெரிதாகவும் கருமையாகவும் இருக்கும், கோடையில் வருபவை சிறிதாக, வெளிறி இருக்கும். படத்தோடு ஒப்பிட்டால் இரண்டு இனம் என்றே தோன்றும். ஆல்கஹாலில் போட்டுவிட்டால் அந்த நிறமும் போய்விடும். நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உயிரோடிருக்கும்போதே படம் எடுங்கள், ஆனால் அதை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள்.

அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பருவம் என்பது. இறக்கை முளைத்துப் பறந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சிகள் மேஃபிளைகள் மட்டுமே. நீரிலிருந்து வெளிவந்ததும் இருக்கும் இடைப்பருவத்தில் இறக்கை மங்கலாக, ஓரத்தில் நுண்முடிகளோடு இருக்கும். கடைசித் தோலை உரித்த பிறகுதான் கண்ணாடி போலத் தெளிகிறது, வால் இழைகளும் நீள்கின்றன. முதிர்ந்த பூச்சிக்கென்று எழுதிய அடையாளக் குறிப்பை இடைப்பருவத்துக்குப் போட்டுப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. உயிரோடு கிடைத்தால், பற்றிக்கொள்ள ஒரு குச்சி வைத்த காற்றோட்டமான டப்பாவில் விட்டுவையுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உரித்துவிடும்.

சரி, முதிர்ந்த பூச்சி கையில் இருக்கிறது. முதலில் பின்னிறக்கையைத் தேடுங்கள். பேட்டிஸுக்கு மிகச் சிறிய பின்னிறக்கை உண்டு, குளோயியானுக்கு அறவே கிடையாது. இங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சின்ன இறக்கை முன்னிறக்கையின் அடியில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே படாது, பேட்டிஸ் குளோயியானாகிவிடும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. முன்னிறக்கையின் பின்விளிம்பில், பெரிய நரம்புகளுக்கு நடுவே குட்டையான இடைநரம்புகள் நிற்கும். பேட்டிஸில் அவை இரண்டிரண்டாக நிற்கும், குளோயியானில் ஒவ்வொன்றாக. இரண்டு அடையாளமும் ஒத்துப்போகும் வரை முடிவுக்கு வராதீர்கள். இன்னொன்று, பின்னிறக்கை இல்லாததெல்லாம் குளோயியானும் அல்ல. புரோகுளோயியான் பைஃபிடத்துக்கும் பின்னிறக்கை கிடையாது, கீனிஸ் வகைகளுக்கும் கிடையாது. கீனிஸுக்கு வால் இழை மூன்று என்பதால் அதைப் பிரித்துவிடலாம்.

குளோயியானுக்குள், பிரிட்டனில் அதிகம் குழப்புபவை டிப்டெரம், சிமிலே என்ற இரண்டு இனங்கள். டிப்டெரம் பெண்ணின் முன்னிறக்கை முன்விளிம்பில் தேன்நிறப் பட்டை ஓடும். பலர் இதையே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் டிப்டெரம் ஆணுக்கு அந்தப் பட்டை கிடையாது, அதனால் ஆண்கள் எல்லாம் சிமிலே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. பட்டையை விட்டுவிட்டு, இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நுனிக்கு அருகே முன்விளிம்பை ஒட்டிய பகுதியை லென்ஸில் பாருங்கள். அங்கே சின்னச் சின்னக் குறுக்கு நரம்புகள் வரிசையாக நிற்கும். டிப்டெரத்தில் 3 முதல் 5, சிமிலேயில் 9 முதல் 11. இரண்டு இறக்கையிலும் எண்ணுங்கள், இடமும் வலமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. (டிப்டெரம் பெண் முட்டைகளை உடலுக்குள்ளேயே வளரவிட்டு இரண்டு வாரம் வரை வாழக்கூடியது. மேஃபிளை என்றாலே ஒருநாள் உயிர் என்று எழுதுவதையும் நிறுத்தலாம்.)

வால் இழையை எண்ணும்போதும் பருவம் நினைவிருக்கட்டும். பேட்டிடேயில் இளம்பருவத்துக்கு மூன்று, முதிர்ந்ததற்கு இரண்டு. இழைகள் எளிதில் ஒடியும், அதனால் இருப்பதை மட்டும் எண்ணாமல் அடியில் ஒடிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீரில் வாழும் இளம்பருவத்தில் செவுள்தான் பேசும். பேட்டிஸில் ஏழு இணைச் செவுள்களும் ஒற்றைத் தகடு, குளோயியானில் முதல் ஆறு இணைகள் இரட்டைத் தகடு. ரோடானியின் செவுள் ஓரத்தில் தடித்த குட்டி முட்கள் இருக்கும். அதற்குக் கைலென்ஸ் போதாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். மிகச் சின்னவற்றை விட்டுவிடுங்கள். இறக்கை மொட்டு கருத்து, வெளிவரத் தயாராக இருப்பவற்றில்தான் அடையாளங்கள் முழுதாகத் தெரியும்.

பெண்ணைப் பார்த்து இனம் சொல்லத் துடிப்பது அடுத்த தவறு. பல பேரினங்களில் ஆணின் பிறப்புறுப்பு இல்லாமல் இனத்தை உறுதிசெய்ய முடியாது. பேட்டிடே ஆணைக் கண்டுபிடிப்பது எளிது, தலைமேல் தலைப்பாகை போல உயர்ந்த மேல்கண்கள் இருக்கும். வயிற்று நுனியில் உள்ள பற்றுக் கொக்கிகளின் கணுக்களைப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஆண்குறி மெல்லிய சவ்வாக இருப்பதால் அதைவிடக் கொக்கிகளே அதிகம் உதவும்.

இவ்வளவு பார்த்தும் சில நேரம் விடை கிடைக்காது. 2006-இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே இனம் என்றிருந்த பேட்டிஸ் ரோடானிக்குள்ளேயே தனித்த பல மரபுக்கிளைகள் இருப்பதைக் காட்டியது. எனவே பேரினத்தோடு நிறுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. நீரின் தரத்தை மதிப்பிடும் பிரிட்டனின் பழைய பிஎம்டபிள்யூபி முறையே குடும்ப அளவில்தான் மதிப்பெண் தந்தது: பேட்டிடேக்கு 4, ஹெப்டஜீனிடே என்ற இன்னொரு மேஃபிளைக் குடும்பத்துக்கு 10. ‘குளோயியான், பெண், இடைப்பருவம்’ என்று இடம், தேதியோடு எழுதிய சீட்டு பின்னால் வருபவருக்குப் பயன்படும். மாதிரியையும் தூக்கி எறியாதீர்கள். உடலமைப்பைப் பார்க்க 80 சதவீத ஆல்கஹால் போதும். மரபணுச் சோதனைக்கு 95-க்கு மேல் வேண்டும், ஆனால் அதில் கால்கள் முறுகி ஒடியும் என்பதால், எண்ண வேண்டியதை எல்லாம் எண்ணிவிட்டு அப்புறம் போடுங்கள்.