கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்: பிக்கப்பில் ஆயில் கசிவைத் தேடும்போது செய்யும் தவறுகள்

காலையில் பிக்கப்பை நகர்த்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே. பட்டறையில் காட்டியதும், "பேக் ஆயில் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். எஞ்சினின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்தான் அந்த சீல். நானும் தலையாட்டினேன். ஒன்றரை நாள் வண்டி நின்றது. சீல் விலை கொஞ்சம்தான், கூலிதான் கையைக் கடித்தது. புது சீலோடு வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அதே இடத்தில் அதே திட்டு.

கசிந்தது எஞ்சின் பக்கவாட்டில் மேலே இருந்த ஆயில் பிரஷர் சுவிட்ச். ஆயில் அழுத்தம் குறைந்தால் டேஷ்போர்டு விளக்கை எரிய வைக்கும், கட்டைவிரல் அளவு சாமான். அதன் வயர் சாக்கெட்டைப் பிடுங்கினால் உள்ளே ஆயில் தளும்புகிறது. அது எஞ்சின் பிளாக்கில் வழிந்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் கூடான பெல் ஹவுசிங்கைச் சுற்றிக்கொண்டு வந்து, அதன் அடிவயிற்றில் சொட்டியிருக்கிறது.

சொட்டுகிற இடத்தையே கசிகிற இடம் என்று நம்பியதுதான் நான் செய்த தவறு. ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது அடியில் அடிக்கிற காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். அதனால் ஈரம் பட்ட இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பார்க்க வேண்டும். எஞ்சின் உச்சியில் மூடியிருக்கும் டேப்பட் கவர் பேக்கிங்கின் பின்மூலை, டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப், ஆயில் கூலர் பேக்கிங், ஃபில்டர் உட்காரும் இடம் என்று எது கசிந்தாலும் பெல் ஹவுசிங் அடியில் வந்து சொட்டலாம். பேக் சீலை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதற்கும் முன்னால், அது எஞ்சின் ஆயில்தானா? ராத்திரி அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் எங்கே இருந்தது என்று பேனாவால் குறித்து வையுங்கள். டீசல் எஞ்சின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். அப்படியென்றால் ஆள் எஞ்சின் சீல் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம். பவர் ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. ஏசி தண்ணீரைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. தண்ணீர் போல மெல்லியதாய், லேசான மஞ்சளாய் சக்கரத்தின் உட்பக்கம் வழிந்திருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியைச் சாவி போடாமல் அப்படியே நிறுத்துங்கள்.

அடுத்த தவறு, கழுவாமல் தேடுவது. பல வருஷப் புழுதியும் ஆயிலும் சேர்ந்த சேற்றில் புதுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டரை மூடிவிட்டு, டிகிரீசர் (ஆயில் பிசுக்கை எடுக்கும் திரவம்) போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படுகிற இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரையே தூவலாம். ஆயில் வருகிற வழி கோடாகத் தெரியும். ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேடாதீர்கள். என் சுவிட்ச் கசிவது கண்ணில் படாமல் போனது இதனால்தான்: எஞ்சின் ஓடி, ஆயில் பிரஷர் ஏறினால் மட்டும் கசிந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நுழைவதானால் ஜாக்கியை மட்டும் நம்பி நுழையவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான்.

கசிகிறதே என்று போல்ட்டை இறுக்கிக்கொண்டே போவது இன்னொரு வியாதி. டேப்பட் கவரை அளவுக்கு மீறி இறுக்கினால் பேக்கிங் பிதுங்கி, கசிவு கூடும். டிரெயின் நட்டை அப்படி இறுக்கினால், அலுமினிய சம்பாக (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருந்தால் மரையே போய்விடும். அங்கே வேண்டியது பெரும்பாலும் ஒரு புது வாஷர். சிலிகான் பேஸ்ட்டை அப்புவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து, ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சல்லடையான ஸ்டிரெய்னரை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் போகாது.

ஆயில் மாற்றிய மறுநாளே சொட்டினால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டியிருப்பார்கள். ஊற்றும்போது சிந்தியதுகூட ஓரிரு நாள் சொட்டும். அளவுக்கு மீறி ஊற்றி, ஆயில் டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சீல் மாற்றி மாற்றிப் போட்டும் திரும்பத் திரும்பக் கசிகிறதா? சீலை விட்டுவிட்டு, எஞ்சின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதரைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே சேருகிற அழுத்தம் நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். பின் ஆக்சிலுக்கும் ஒரு சின்ன ப்ரீதர் உண்டு. சேற்றில் ஓடும் பிக்கப்பில் அது அடைபடுவது சகஜம். அங்கே ஆக்சில் சீலைத் தாண்டி வரும் ஆயில் நேராகப் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும், பிரேக் பிடிக்காது. பின்சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் தெறித்திருந்தால் அட்டை, பவுடர் எதுவும் வேண்டாம். அன்றைக்கே டிரம்மைக் கழற்றச் சொல்லுங்கள்.