சுவை ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் சுவை ஆய்வில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்கள் தராசுக்குக் காட்டும் பயபக்தியைப் புட்டியின் லேபிளுக்குக் காட்டுவதில்லை. சிட்ரிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். நீரற்ற வகையின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, சுமார் 192 கிராம். ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகைக்கு 210. பழைய புட்டி தீர்ந்து, புதியது நீரேறிய வகையாக வந்திருக்கும். பழக்கதோஷத்தில் அதே எடையை நிறுத்துப் போட்டால் கரைசலின் செறிவு எட்டு, ஒன்பது சதவீதம் இறங்கிவிடும். அதன்பின் வந்த பங்கேற்பாளர்களுக்குப் புளிப்புணர்வு மந்தம் என்று முடிவு வெளிவரும். பாவம், அவர்கள் நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

சர்க்கரையை ஒரு லிட்டர் நீரில் கொட்டிக் கலக்குவதும் அடிக்கடி நடக்கிறது. சர்க்கரையும் இடம் பிடிக்கும். ஒரு மோல் சுக்ரோஸை (சர்க்கரையின் வேதிப்பெயர்), அதாவது 342 கிராமை, அப்படிக் கரைத்தால் ஒரு மோலார் கரைசல் (லிட்டருக்கு ஒரு மோல்) கிடைக்காது. குறைந்த நீரில் கரைத்து, பிறகு அளவுக் குடுவையின் கோடு வரை நிரப்ப வேண்டும். வாய்க்குள் போகும் பொருள் உண்ணத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பாத்திரங்கள் தனியாக இருக்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பரிமாறாதீர்கள். குளிர்ச்சி இனிப்பை மட்டுப்படுத்தும்.

கோப்பைகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டால் சுவைப்பவர் அதில் ஏறுவரிசையைத் தேடுவார். தொடர்பற்ற மூன்றிலக்க எண்களே நல்லது. பரிமாறும் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். குயினைனின் கசப்பு எளிதில் விலகாது. புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு வெறும் நீரே இனிக்கும். வாய் கொப்பளிக்கவும் காத்திருக்கவும் ஒதுக்கிய நேரத்தில் கைவைக்காதீர்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. “கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கரிசனத்தோடு கோப்பையை நீட்டுபவர்கள் உண்டு. அந்தச் சொல்லோடு அந்த அளவீடு பாழ். கொடுப்பவருக்கே கோப்பையில் இருப்பது தெரியாதபடி ஏற்பாடு செய்வது உத்தமம், முகக்குறிப்பும் காட்டிக்கொடுக்கும்.

“ஒன்றுமே தெரியவில்லை” என்பவரிடம் “நன்றாகச் சுவைத்துப் பாருங்கள்” என்று வற்புறுத்துவதும் அதே ரகம். 1931-இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வகத்தில் பி.டி.சி. (ஃபீனைல்தயோகார்பமைடு) என்ற வேதிப்பொருளின் தூள் பறந்தபோது உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி டாஸ்2ஆர்38 என்ற மரபணுவால் வருவது. ஆகவே பூஜ்யம் என்றே குறித்துக்கொண்டு அடுத்த கோப்பையைக் கொடுங்கள்.