வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் மருத்துவக் காப்பீட்டில் செய்யும் தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால், புதுச்சேரியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. லாஸ்பேட்டையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அட்மிஷன் கடிதம், வங்கிக் கடன், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் எல்லாவற்றையும் வரி விடாமல் படித்திருப்பார்கள். இன்சூரன்ஸ் பேப்பரை மட்டும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் போனவர்கள் சறுக்கிய அதே இடத்தில் புதிதாகப் போகிறவர்களும் வருஷா வருஷம் சறுக்குகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நம் ஊரில் பெரிய நோய் என்றால் ஜிப்மர், அடிபட்டால் ஜி.எச். கோரிமேட்டில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும் சிரமம் உண்டு. ஆனால் பில்லை நினைத்து யாரும் தூக்கம் இழப்பதில்லை. அப்படி வளர்ந்த வீட்டுக்கு, மருத்துவக் காப்பீடு என்பது விசா ஃபைலில் இருக்க வேண்டிய இன்னொரு தாளாகத்தான் தெரியும்.

பெயரில் எழுத்துப் பிழை, பாஸ்போர்ட் எண் மாறியது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை விசா நிலையத்திலேயே பிடிபட்டுவிடும். பிடிபடாமல் கூடவே விமானம் ஏறும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விசாவுக்கு வாங்கிய பாலிசியோடு படிப்பையே ஓட்டிவிட நினைப்பது

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இத்தனை பேரிடம் சொல்லியும் நடந்துகொண்டே இருப்பதால், எனக்கு ஆற்றாமை தீராத தவறு இது.

ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யவே முடியாது. பட்டப்படிப்பில் சேரும் 30 வயதுக்குட்பட்ட மாணவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிகே, ஏஓகே, பார்மர் போன்ற நிறுவனங்கள் தரும் பொதுக் காப்பீடு. இதன் மாணவர் கட்டணம் இப்போது மாதம் 140 யூரோவைத் தாண்டுகிறது. இன்னொன்று தனியார் காப்பீடு. மாதம் 30, 40 யூரோவுக்கே பாலிசி கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் மாதம் 100 யூரோ மிச்சம், வருஷத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம். கல்விக் கடன் வாங்கி அனுப்பும் குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை.

இங்கிருந்து கிளம்பும்போது ஒரு பயணக் காப்பீடு வேண்டும் என்பது உண்மை. பொதுக் காப்பீடு பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான் அமலுக்கு வரும். பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 அன்று தொடங்கும். செப்டம்பரில் போய் இறங்கினால் இடைப்பட்ட வாரங்களுக்குப் பயணக் காப்பீடு தேவை. அதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் ஏஜென்ட் ஒரு வருஷத்துக்கே போட்டுக் கொடுத்திருப்பார். அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர்கள் வாட்ஸ்அப் குழுவில், "இதுவே போதும், பப்ளிக்குக்கு எதுக்கு வீணா கட்டுற?" என்பார்கள்.

அடுத்து நடப்பதுதான் விபரீதம். தனியார் பாலிசி வைத்திருந்தாலும், பதிவு செய்ய ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போக வேண்டும். "இவருக்குப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது" என்ற தகவல். அதற்கு மாணவர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பக்கம், ஜெர்மன் மொழியில் இருக்கும். வந்திறங்கிய புதிதில் வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, நகரப் பதிவு என்று பத்து இடத்தில் கையெழுத்துப் போடும் பிள்ளை, இதையும் பதினோராவதாகப் போட்டுவிடும். அந்த விலக்கை ரத்து செய்ய முடியாது என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. படிப்பு முடியும்வரை பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப வழி கிடையாது.

அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன். அப்பா திருபுவனை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். கிளம்பும் முன்பே சொல்லி அனுப்பினேன். குழுவில் சொன்னதைத்தான் கேட்டான். இரண்டாவது குளிர்காலத்தில், நடு இரவில், விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. அறைத் தோழன் 112-க்கு போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்திருக்கிறான். சிறுநீரகக் கல். சேர்த்தார்கள், எடுத்தார்கள், நல்லபடியாக வீடு திரும்பினான். அப்புறம் விடுதித் தபால் பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கவர்கள் வர ஆரம்பித்தன. ஆம்புலன்ஸுக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று. தனியார் நிறுவனம் பழைய மருத்துவ விவரம் கேட்டது. ஊரில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் சின்னதாக ஒரு கல் இருந்ததாக ஒரு வரி. "பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்" என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். பாலிசியில் அந்த விதி தெளிவாகவே அச்சாகியிருந்தது.

பிளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்கூட்டியே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கிலிருந்து, மாதம் வருவது 992 யூரோ. வாடகை போனால் மிஞ்சுவது சொற்பம். அவன் அம்மா எனக்கு போன் செய்தார். "சார், இப்ப பப்ளிக்குக்கு மாத்திடலாம்ல சார்? எவ்ளோ ஆனாலும் கட்டிடுறோம்." முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. தவணை கேட்டு வாங்கி, மாலையில் கிடங்கு வேலைக்குப் போய்க் கடனை அடைத்தான். அந்த செமஸ்டர் இரண்டு பரீட்சை எழுதவில்லை.

பொதுக் காப்பீட்டில் இருந்திருந்தால், பழைய நோய் உண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே அந்தக் கேள்வியே கிடையாது. மருத்துவமனையில் தங்கியதற்கு நாளுக்கு 10 யூரோ, மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 5 முதல் 10 யூரோ, ஆம்புலன்ஸுக்குச் சிறு தொகை. அவ்வளவுதான் அவன் கையிலிருந்து போயிருக்கும். மிச்சம் பிடித்த 100 யூரோக்கள் எங்கே போயின என்று நினைத்துப் பாருங்கள். குழுவில் அறிவுரை சொன்ன ஒருவர்கூட அந்தக் கவர்களில் ஒன்றையும் கட்ட வரவில்லை.

இன்னொன்று. விசாவை அங்கே நீட்டிக்கப் போகும்போது, மலிவான பயணப் பாலிசியைப் பார்த்து, வெளிநாட்டவர் அலுவலகம் "இது போதாது" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு.

30 வயதைத் தாண்டியவர்களுக்கும், மொழி வகுப்புக்கோ ஆயத்தப் படிப்புக்கோ மட்டும் போகிறவர்களுக்கும் பொதுக் காப்பீட்டின் மாணவர் கட்டணம் கிடைக்காது. அவர்கள் தனியாரில்தான் எடுக்க வேண்டும். அப்போது பிரீமியத்தைக் கடைசியாகப் பாருங்கள். பழைய நோய் பற்றிய விதி, அதிகபட்சத் தொகை, மனநலச் சிகிச்சை உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

இங்குள்ள மெடிக்ளெய்ம் போதும் என்று நினைப்பது

சாதாரண மெடிக்ளெய்ம் இந்தியாவுக்குள்தான் செல்லும்.

பிரான்சில் எல்லாம் தானாக நடக்கும் என்று நம்புவது

புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் பிரான்சில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். "அங்க வைத்தியம் எல்லாம் ஃப்ரீ" என்று அவர்கள் சொல்வது பிரெஞ்சுக் குடியுரிமையோடு பல காலம் அங்கே வாழ்ந்தவர்களின் அனுபவம். இந்திய பாஸ்போர்ட்டில் போகும் மாணவருக்கும் அரசின் சமூகப் பாதுகாப்பில் இலவசமாகச் சேர உரிமை உண்டு. ஆனால் கல்லூரியில் பதிவு முடிந்ததும் அந்த அரசுக் காப்பீட்டின் இணையதளமான அமெலியில் வெளிநாட்டு மாணவர் பகுதிக்குப் போய் அவரேதான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் தற்காலிக எண் வரும். நிரந்தர எண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் பெற்றோர் பெயர்கள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சான்றிதழில் வேறு மாதிரி அப்பா பெயர் இருந்து மாதக்கணக்கில் தவித்தவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் முன்பே இங்கே நகராட்சியில் சரிசெய்து, முறையான மொழிபெயர்ப்போடு எடுத்துப் போங்கள்.

சேர்ந்த பிறகும் முழுப் பணமும் திரும்ப வராது. பொது மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் 30 யூரோ. குடும்ப மருத்துவர் இவர்தான் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால் அதில் 70 சதவீதம், அதிலும் 2 யூரோ கழித்து, 19 யூரோ திரும்பும். அறிவிக்காவிட்டால் இன்னும் குறையும். மீதிக்குத்தான் மியூச்சுவல் என்னும் துணைக் காப்பீடு. கண்ணாடி போடுகிறவர்களும் பல் தொந்தரவு உள்ளவர்களும் அதை அவசியம் எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பணம் கட்டிவிட்டு ஜி.பி. என்னும் பொது மருத்துவரிடம் பதியாமல் இருப்பது

மாணவர் விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டுகிறீர்கள். போய் இறங்கிய முதல் வாரமே தங்கும் பகுதியின் ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடுங்கள். காய்ச்சலோடு படுத்த பிறகு பதிவுப் படிவம் நிரப்புவது கொடுமை. பல் வைத்தியத்துக்கு அங்கே தனியாகச் செலவாகும்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகத் திட்டத்தை யோசிக்காமல் தள்ளுவது

எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் என்று மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்கள்தான் கட்டாயமாக்குகின்றன. பல இடங்களில் அவர்களுடைய திட்டத்தின் கட்டணம் ஃபீஸ் பில்லிலேயே ஏறிவிடும். அதைப் பார்த்ததும் நம்மவர்கள் இங்கே ஒரு மலிவான மாணவர் பயணப் பாலிசி எடுத்து, பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து வெய்வர், அதாவது விலக்கு, கேட்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் ஏற்காது. ஏற்றுக்கொண்டால்தான் எனக்குப் பயம் அதிகம்.

காரணம், அங்கே பாலிசியின் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1,000 டாலர் டிடக்டிபிள் என்றால் முதல் 1,000 டாலர் உங்களுடையது. அதற்கு மேலும் ஒரு பங்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கலாம். மலிவான பாலிசிகளில் அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி வரம்பு இருக்கும். அங்குள்ள பில்லுக்கு முன்னால் அந்த வரம்பு நிற்காது. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத, அதாவது நெட்வொர்க்கில் இல்லாத, மருத்துவமனைக்குப் போனால் செலவு இன்னும் ஏறும். சாதாரணக் காய்ச்சல், சுளுக்குக்கு எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள். பல்கலைக்கழகச் சுகாதார மையமோ, சின்னத் தொந்தரவுகளைப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் கிளினிக்கோ போதும்.

ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் போகிறவர்களுக்கு மட்டும் சட்டமே குறைந்தபட்சம் சொல்கிறது. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 1,00,000 டாலர் காப்பு வேண்டும். டிடக்டிபிள் 500 டாலரைத் தாண்டக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் படிப்பு முடியும் தேதியோடு காப்பீட்டை முடிப்பது

விசா முடியும் நாள்வரை இருக்க வேண்டும். விசா நிபந்தனையே அதுதான்.

கனடாவை ஒரே நாடாக நினைப்பது

மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசுக் காப்பீடு தொடங்க, இறங்கிய மாதத்தின் மீதி நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் ஆகும். அந்த இடைவெளிக்குத் தனிப் பாலிசி வேண்டும். டொரன்டோவில் படிக்கும் அண்ணன் சொன்னது வான்கூவருக்குப் பொருந்தாது.

நோயை மறைப்பது

ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை, வலிப்பு. "சொன்னா விசா கிடைக்காதோ", "நாளைக்குக் கல்யாணப் பேச்சுல வந்துடுமோ" என்று பயந்து அம்மாக்கள் என் மேஜைக்கு எதிரே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் எழுதுவது அக்கம்பக்கத்துக்குப் போகாது. எழுதாமல் விட்டால், பிற்பாடு வரும் பெரிய கிளெய்ம் அந்த ஒரு காரணத்துக்காகவே மறுக்கப்படலாம். கடலூர்ப் பெண் ஒருத்தி இன்ஹேலரைப் பெட்டியின் அடியில் ஒளித்து எடுத்துப் போனாள். தீர்ந்ததும் புதிதாக வாங்க மருத்துவரிடம் போகவே பயந்துகொண்டிருந்தாள். மூச்சுத் திணறலோடு ஒரு பிள்ளை அப்படிப் பயந்துகொண்டு கிடக்கலாமா? உண்மையை எழுதுங்கள். மருந்துகளை, பிராண்ட் பெயரோடு மூலப் பெயரையும் சேர்த்து எழுதிய மருத்துவர் சீட்டோடு அனுப்புங்கள்.

வீட்டில் யாரிடமும் விவரம் இல்லாமல் இருப்பது

பாலிசி எண், 24 மணி நேர உதவி எண், மாணவர் எண், அறைத் தோழரின் போன் நம்பர். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடமும் கொடுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால், அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குக்கூட மருத்துவமனைகள் பொதுவாக விவரம் சொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவர் சம்மதம் சொல்ல முடியாது. அதனால் பல்கலைக்கழகப் படிவத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தைக் காலியாக விடாமல், இரவு எந்நேரமும் போன் எடுக்கும் ஒருவரின் எண்ணை எழுதுங்கள்.