திஞ்சானுக்குப் பிறகு காது வலித்தால்

மியான்மரின் யாங்கூனில் சித்திரைப் பிறப்பும், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானும் ஒட்டித்தான் வருகின்றன. நாள் கணக்கில் நனைந்துவிட்டு, அடுத்த வாரம் காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிறவர்களுக்காக இது.

1. இழுத்துப் பாருங்கள்
காது மடலை மெல்ல இழுங்கள். துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குருத்தெலும்பை அமுக்குங்கள். சுரீரென்றால் பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில்தான் தொற்று. சளி, காய்ச்சலோடு வந்த வலி, இழுத்தாலும் கூடவில்லை என்றால் நடுக்காதாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

2. எதையும் உள்ளே விடாதீர்கள்
குறும்பியை அழுக்கு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். புளிப்புத்தன்மையுள்ள அந்த மெழுகு கிருமியை அண்டவிடாது. தண்ணீர் தேங்கினால் குழாயின் தோல் ஊறிப்போகும். பட்ஸோ ஹேர்பின்னோ அதைக் கீறினால் சூடோமோனாஸ், ஸ்டெபைலோகாக்கஸ் கிருமிகளுக்கு வழி கிடைத்துவிடும். காய்ச்சிய தேங்காய் எண்ணெய், பூண்டு எண்ணெய் எல்லாம் வேண்டாம். ஆச்சி கோபித்துக்கொண்டாலும் சரி.

3. சொட்டு மருந்துக்கு முன் செவிப்பறை
இங்கே சீட்டில்லாமலே மருந்து கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். பம்புக் குழாயில் முகத்துக்கு நேரே பீய்ச்சிய தண்ணீர் செவிப்பறையையே கிழித்திருக்கலாம். கிழிந்த காதில் நியோமைசின், ஜென்டாமைசின் சொட்டுகள் உட்காதைப் பாதித்துக் கேட்கும் திறனைக் குறைக்கக்கூடும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தபின் வாங்குங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டை அடிக்கடி எழுதிக்கொடுப்பார்கள். குழாய் வீங்கி அடைத்திருந்தால் சின்னத் திரி வைத்து அதன்மேல் சொட்டு விடுவார்கள். வலியைவிட அரிப்பு தூக்கலாக இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சொட்டு அதற்கு உதவாது. சாதாரணத் தொற்றுக்கு மாத்திரையும் பெரும்பாலும் தேவைப்படாது. வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

4. விடும் முறை
புட்டியைக் கையில் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த மருந்து தலைசுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தபடி சொட்டை விடுங்கள் (சிறு குழந்தைக்குக் கீழும் பின்னுமாக). ஐந்து நிமிடம் அசையாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வலி தணியும். ஆனாலும் சொன்ன நாள்வரை விடுங்கள்.

குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைத் துளையின் வாயில் வையுங்கள், உள்ளே திணிக்காமல்.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் காத்திருக்கவே கூடாது: தொற்று எலும்புவரை இறங்கலாம். இரவில் தூங்கவிடாத வலி, முகம் ஒருபக்கம் கோணுதல் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.