ஒட்டாத நூடுல்ஸ்: நான்காவது ஞாயிறு கைகொடுத்தது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீணாகின. ஹோட்டல் ஹக்கா நூடுல்ஸ் மாதிரி இழை இழையாக வரவேண்டியது, என் சட்டியில் களியாக ஒட்டிக்கொண்டது. முதலில் சோயா சாஸைக் கூட்டினேன், உப்புக் கரித்தது. அடுத்து எண்ணெயைக் கூட்டினேன், பிசுபிசுப்புதான் மிச்சம். அஜினோமோட்டோவில் சுவை தேறியது, குழைவு போகவில்லை.

கோளாறு சாஸில் இல்லை, ஈரத்தில். வடித்ததைச் சூடாகவே வாணலியில் கொட்டினால் வதங்காமல் ஆவியிலேயே வேகிறது. இப்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த நீரில் அலசி மாவுப்பசையைப் போக்கி, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறி, தட்டில் பரப்பி அரைமணி நேரம் ஃபேன் காற்றில் விடுகிறேன். தொட்டால் விரலில் ஈரம் படக்கூடாது.

நாலு பேருக்கானதை மொத்தமாகப் போட்டால் வீட்டு அடுப்பின் சூடு போதாது. இரும்புச் சட்டி லேசாகப் புகைந்ததும் ஒரு ஆளுக்கு மட்டும் போடுவேன். சோயா சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் சட்டி ஓரத்தில் விடவேண்டும். சுர்ரென்று அது காயும் நொடியில், கான்டனீஸ்காரர்கள் ‘வோக் ஹெய்’ என்னும் புகைமணம் கொஞ்சமாவது வீட்டிலும் எழுகிறது. வினிகர், அடுப்பை அணைத்த பிறகு. நேற்று சரியாக வந்தது, பெரிய நிம்மதி.